எல்லாம் கத்ர் என்றால் முகத்துவாரத்தை ஏன் தோண்டுகிறோம்?

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் உள்ள உறவே முகத்துவாரம்தான். கடலில் பொரிந்த இறால் குஞ்சுகள் அந்த வாய் வழியாக உள்ளே வந்துதான் ஏரியில் வளர்கின்றன. பைபர் படகுகள் கடலுக்குப் போய்த் திரும்புவதும் அதன் வழியேதான். வெயில் ஏறி ஆரணி ஆற்றின் வரத்து நின்றுவிட்டால், கரையோர நீரோட்டம் தள்ளிக்கொண்டு வரும் மணல் வாயில் படியத் தொடங்கும். முழங்கால் தண்ணீரில் ஆட்கள் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அப்படி அடைத்துக்கொண்ட காலங்களில் இங்கே எந்தக் குப்பத்திலும் யாரும் ‘ஆண்டவன் விட்ட வழி’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஊர்ப் பணம் போட்டுத் தோண்டியிருக்கிறார்கள், மனு கொடுத்திருக்கிறார்கள், மறியலும் செய்திருக்கிறார்கள்.

இதே கரையில்தான் லைப் ஜாக்கெட் பேச்சு வந்தால் ‘எழுதினது எப்படியோ அப்படி’ என்ற பதில் வருகிறது. கணவனை இழந்தவள் வாய்விட்டு அழுதால் ‘ஸப்ரு (பொறுமை) செய், ஈமான் (இறைநம்பிக்கை) போயிடும்’ என்று அதட்டுகிறார்கள். எண்ணெய் கலந்த தண்ணீரில் மீன் செத்து மிதந்தால் ‘சோதனை, பொறுத்துக்கணும்’ என்கிறார்கள். மணலைத் தோண்டும்போது வராத கத்ர் (இறைவிதி) இங்கெல்லாம் மட்டும் எப்படி வந்துவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

பழவேற்காட்டில் முஸ்லிம்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்புவதற்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே கடை பரப்பியிருந்தார்கள். கைலிக்குப் ‘பழையகாட்’ என்று பேர் வாங்கிக் கொடுத்த ஊர் இது. இன்று ஜமீலாபாத் பக்கம் வலை பிடிப்பவர்கள், இறால் நண்டு வியாபாரம் பார்ப்பவர்கள், வீட்டுத் திண்ணையில் பனையோலை முடையும் பெண்கள் என்று ஏரியை ஒட்டியே அவர்கள் வாழ்க்கை ஓடுகிறது. நன்மையும் தீமையும் இறைவனின் ஏற்பாட்டின்படியே என்று நம்புவது ஈமானின் ஆறாவது கடமை என்று மதரஸாப் பிள்ளைகூட ஒப்பிக்கும். அந்த நம்பிக்கையில் எனக்குச் சச்சரவு இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான் சச்சரவு.

‘எழுதின நாள்ல போறது போகத்தான் போகுது, ஜாக்கெட் எதுக்கு?’

கடலோரத்தில் அதிகம் புழங்குவதும், அதிக உயிர் குடித்திருப்பதும் இந்தப் பேச்சுதான். இதை மார்க்கம் என்று நினைத்துச் சொல்பவர்களுக்கு மார்க்கமே எதிராக நிற்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மேல் பாரம் போடு என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது எல்லோருக்கும் தெரியும். திர்மிதியில் உள்ள அந்தச் செய்தி எல்லா ஜும்ஆ மேடையிலும் வந்துவிட்டது. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு ஹதீஸ் உண்டு. கடல்காரர்களுக்கென்றே சொன்னதுபோல இருக்கும் அதை இமாம் அஹ்மதும், தம் ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் இமாம் புகாரியும் பதிவு செய்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் படுத்து விழுந்து செத்தவருக்கும், கொந்தளிக்கும் நேரத்தில் கடலேறிச் செத்தவருக்கும் பொறுப்பும் பாதுகாப்பும் கிடையாது என்பது அதன் சாரம். அதாவது அந்தச் சாவுக்குக் காரணம் சொல்லும்போது கத்ரை முன்னே நிறுத்தி அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில், ‘அல்லா இருக்கான்’ என்று படகை இறக்குபவர் தவக்குல் (இறைவன் மேல் பாரம்) வைப்பதாக நினைத்துக்கொள்கிறார். நபிமொழி அவரைக் கைப்பிடிச் சுவரில்லாத மாடியில் படுத்தவரோடு சேர்த்து வைத்திருக்கிறது.

2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்ல. கத்ர் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று அவர்களிடம் இல்லாமல் போனது உயிர்காக்கும் சட்டை. சராசரி ஆழம் ஓர் ஆளை மூழ்கடிக்காத ஏரி இது. முகத்துவாரப் பக்கம் மட்டும் இழுப்பும் பள்ளமும் வேறு கணக்கு. தண்ணீர் எங்கே இழுக்கும் என்று குப்பத்துப் பிள்ளைக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. படகு கவிழ்ந்தபின் குடும்பத்தைத் தேற்றுகிறவர் ‘விதி’ என்று சொல்லலாம். படகில் ஆளை ஏற்றியவர் அதே சொல்லைச் சொன்னால் எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டும். முஸீபத்துக்கு (நேர்ந்த துன்பத்துக்கு) கத்ரைச் சொல்லலாம், செய்த குற்றத்துக்குச் சொல்லக் கூடாது என்று பழைய உலமாக்கள் வகுத்து வைத்த கோடு இதுதான்.

எச்சரிக்கையாக இருப்பதும் கத்ரில் சேர்ந்ததே என்பதைக் கலீஃபா உமர் (ரலி) அளவுக்குத் தெளிவாக நடந்து காட்டியவர் இல்லை. ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில், ஸர்ஃக் என்ற இடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவுவதாகத் தகவல் வருகிறது. கலந்து பேசிவிட்டுத் திரும்ப முடிவெடுக்கிறார். தளபதி அபூ உபைதா (ரலி), அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டுவிடுகிறார். ஆமாம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறேன் என்றார் உமர். ஒரு பக்கம் புல்லும் இன்னொரு பக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறை ஏற்பாடுதானே என்றும் திருப்பிக் கேட்டார். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அங்கே இருந்தால் வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார். கேள்வி கேட்ட அபூ உபைதா பின்னர் அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே இறந்தார். தலைவர் திரும்பியதும் ஈமான், மக்களோடு ஊரிலேயே இருந்துவிட்ட தளபதியின் இருப்பும் ஈமான். இரண்டுமே கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவுகள்.

மருந்து, மாத்திரை, துஆ எல்லாம் இதே கணக்கில் அடங்கும். வைத்தியம் விதியைத் தடுக்குமா என்று கேட்டவர்களுக்கு, வைத்தியமும் விதியில் சேர்ந்ததே என்று பதில் வந்திருக்கிறது. வானிலை எச்சரிக்கையை அந்தப் பட்டியலில் சேர்க்க யாரும் புதிதாக ஃபத்வா கொடுக்க வேண்டியதில்லை.

‘அழுதா ஈமான் போச்சு’

நபிகளாரின் மகன் இப்ராஹீம் ஒன்றரை வயதுகூட ஆகியிருக்குமா ஆகியிருக்காதா என்ற பருவத்தில் இறந்தார். மடியில் குழந்தை மூச்சு விடத் திணறும்போது நபிகளாரின் கண்கள் வடிந்தன. நீங்களுமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் கேட்டார். இது இரக்கம் என்பதுதான் பதில். கண் அழுகிறது, மனம் துயரப்படுகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத எதையும் நாவு சொல்லாது என்ற கருத்தில் அவர் பேசியதைப் புகாரியில் காணலாம்.

அதே நாள் சூரிய கிரகணம் பிடித்தது. வானியல் கணக்கு அதை கி.பி. 632 ஜனவரி 27 என்று வைக்கிறது. தூதரின் மகன் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மதீனாவில் பேச்சு கிளம்பியது. எந்தத் தலைவருக்கும் இதைவிடச் சாதகமான புரளி கிடைக்காது. அவர் எழுந்து நின்று, சூரியனும் சந்திரனும் யார் பிறந்ததற்காகவும் இறந்ததற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்துவிட்டார். பிள்ளையைப் புதைத்த அன்றே அதைச் செய்தார். துக்கமும் தெளிவும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் இருந்திருக்கின்றன.

யஃகூப் நபி, காணாமல் போன மகன் யூசுஃபை நினைத்து அழுது அழுது கண் வெளுத்துப் போனார் என்று குர்ஆனே சொல்கிறது. அவரை அழகிய பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வதும் அதே குர்ஆன்தான். மார்பில் அடித்துக்கொள்வதும் சட்டையைக் கிழித்துக்கொள்வதும் கூலிக்கு ஒப்பாரி வைப்பதும்தான் தடுக்கப்பட்டவை. ஒரு கப்ருக்கு முன் அழுத பெண்ணிடம் பொறுமை சொல்லப் போய், உனக்கு என் கஷ்டம் வரவில்லை என்று அவள் விரட்ட, நபிகளார் பேசாமல் விலகிப் போன சம்பவமும் இருக்கிறது. பிறகு ஆள் யாரென்று தெரிந்து அவள் ஓடி வந்தபோதுதான், முதல் அடியில் வைப்பதே பொறுமை என்றார். தேற்ற வந்தவர் துரத்தப்பட்டால் திரும்பிப் போய்விட வேண்டும் என்ற பாடத்தை நம் உறவினர்கள் யாரும் அதிலிருந்து எடுத்ததாகத் தெரியவில்லை. மையத்து வீட்டில் உம்மாவையோ சாச்சியையோ சூழ்ந்துகொண்டு ‘அழாதே புள்ள, ஆகிரத்துல கேப்பாங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பயம்: கடலில் போனவன் ரூஹு அலையும், அவனுக்குக் கப்ரு இல்லையே என்பது. உண்மை நேர்மாறு. தண்ணீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதுகளில் ஒருவர் என்று ஹதீஸ் எண்ணிச் சொல்கிறது. கொள்ளைநோயில் இறந்தவரும் இடிபாட்டில் சிக்கியவரும் அதே வரிசையில் இருக்கிறார்கள். உடல் கிடைத்தால் எல்லோரையும்போல் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழ வேண்டும். கிடைக்காவிட்டால் ஷாஃபியீ வழியில் காயிப் ஜனாஸா (உடல் முன்னில்லாத தொழுகை) உண்டு, ஹனஃபீ வழியில் இல்லை. இரண்டு மத்ஹபிலும் அலையும் ஆவி கிடையாது.

‘செஞ்ச பாவத்துக்குத்தான் சுனாமி’

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தப் பேச்சு எல்லா மதத்துக் கரையிலும் கேட்டது. இலங்கையின் களுத்துறைக் கரையில் பின்வாங்கும் அலையைச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் ‘அல்லாஹ்’ என்ற அரபி எழுத்துத் தெரிவதாகச் சொல்லி அது ஊர் ஊராகச் சுற்றியது. அதே சுனாமி அதே நாட்டில் மருதமுனை, சாய்ந்தமருது என்ற, தொழுகையாளிகள் நிறைந்த முஸ்லிம் ஊர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். அவர்களிடம் போய் எந்தப் பாவக் கணக்கை வாசிப்பது?

சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் தட்டு நழுவியது, தண்ணீர் எழும்பியது. நம் கரைக்கு அது வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்தது. எச்சரிக்க அமைப்பு இல்லை. 2007 அக்டோபரில்தான் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. அலை வந்ததைக் கத்ர் என்று ஏற்கிற முஸ்லிம், அந்த இரண்டரை மணி நேரம் வீணானதை மனிதர் குறை என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

துன்பங்கள் உங்கள் கைகள் தேடியவற்றால் வருகின்றன என்ற பொருளில் குர்ஆனில் வசனம் உண்டே என்று கேட்பார்கள். உண்டு. அதை ஒருவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் வீசும் கல்லாக அது இறக்கப்படவில்லை. கஹ்ஃபு அத்தியாயத்தில் கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தில் ஹிள்ர் (அலை) ஓட்டை போடுகிறார். நல்ல கலத்தையெல்லாம் பிடுங்கும் ஓர் அரசனிடமிருந்து அதைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று பின்னால் தெரிகிறது. இந்தக் கதையைச் சொல்லி, எந்தக் கஷ்டத்திலும் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது என்று முடித்துவிடுகிறோம். ஹிள்ரோடு போன மூஸா நபி அங்கே என்ன செய்தார் என்பதைப் பேசுவதில்லை. ஓட்டை போட்டதைப் பார்த்ததும், ஆட்களை மூழ்கடிக்கவா இப்படிச் செய்தீர் என்று தட்டிக் கேட்டார். நமக்கு ஹிள்ரின் அறிவு தரப்படவில்லை. மூஸாவின் ஷரீஅத்தும் அவருடைய கேள்வியும்தான் கையில் இருக்கின்றன. ஒருவர் படகில் ஓட்டை விழுந்தால் ‘இதில் ஹிக்மத் (மறைந்த ஞானம்) இருக்கும்’ என்று நாம் சொல்ல முடியாது.

‘ஸஃபர் பீடை மாசம்’

தமிழக முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் ஸஃபர் மாதம் வந்தால் கல்யாணம் நிற்கும், புதுப் படகு இறங்காது. மாதத்தின் கடைசிப் புதன், ஒடுக்கத்துப் புதன், மாவிலையில் குங்குமப்பூக் கரைசலால் ஸலாம் வசனங்களை எழுதிக் கழுவிக் குடிப்பார்கள். குளிப்பார்கள், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவார்கள். கடற்கரைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சுண்டல்காரருக்கும் பிழைப்பு வேண்டும். ஆனால் ஸஃபரில் பீடை கிடையாது, சகுனம் கிடையாது என்று பெயர் சொல்லியே மறுத்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கத்ரை நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே மாதத்துக்கும் புதனுக்கும் பயப்படுவதும், மருமகள் காலடி எடுத்து வைத்த நேரம் மகன் கடலில் போனான் என்று பழி போடுவதும் ஒரே புத்தி. ராசி கெட்டவள் என்ற ஒரு வகை ஆளே இஸ்லாத்தில் இல்லை.

சீட்டுக் குலுக்குவதையும் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். பழவேற்காட்டின் பட்டினவர் குப்பங்கள் தமக்குள் மீன்பிடி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறையில் குலுக்கல் உண்டு. நல்ல இடம் வலுத்தவன் கைக்கே போய்விடாமல் முறை வைத்துச் சுற்றிவரச் செய்யும் ஏற்பாடு அது. குறி கேட்பதற்காக அம்பு போடுவதைத்தான் குர்ஆன் தடுக்கிறது. நபிகளாரே பயணத்துக்கு எந்த மனைவியை அழைத்துப் போவது என்று சீட்டுப் போட்டிருக்கிறார். ரிஸ்க் (வாழ்வாதாரம்) அல்லாஹ் கையில் என்று நம்பினாலும், அதைப் பங்கிடுவதில் நியாயத்தை மனிதர்தான் செய்ய வேண்டும்.

‘ஆலைக் கழிவும் ஒரு சோதனை, பொறுத்துப் போகணும்’

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வட சென்னையை மூழ்கடித்தது. வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி, நாரை எல்லாவற்றிலும் கறுப்புப் பிசின் ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் பிளாஸ்டிக் முகவையும் வாளியுமாகக் கையாலேயே எண்ணெயை அள்ளினார்கள். கழிமுகத்துக்கு வடக்கே அதே கால்வாயும் காயலும் பழவேற்காடு வரை நீள்கின்றன.

புயலை அல்லாஹ் அனுப்பினான், சரி. எண்ணெயை யார் அனுப்பியது?

கரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதற்கு மனிதரின் கைகளே காரணம் என்று ரூம் அத்தியாயம் சொல்கிறது. நாங்கள் இணைவைத்தது இறைவன் நாடியதால்தான் என்று வாதாடியவர்களை அன்ஆம் அத்தியாயம் பொய்யர் வரிசையில் நிறுத்துகிறது. செய்தவன் ‘எல்லாம் மேலே எழுதினது’ என்பதைக் குர்ஆன் ஏற்கவில்லை என்றால், பாதிக்கப்பட்டவனைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கு உரிமை? நிவாரண மனு எழுதுவதும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதும் ஸப்ருக்கு எதிரானவை அல்ல. முஸ்லிம் ஹதீஸ் நூலில் உள்ள ஒரு நபிமொழி முதலில் உனக்குப் பயன்தருவதில் முனைப்பாயிரு, இயலாமல் உட்காராதே என்கிறது. ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று புலம்பாதே என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. நாம் முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஏழைக்கு ஓதுகிறோம்.

‘திரும்பி வராதவனுக்காகக் காத்திருப்பதே பெண்ணின் ஸப்ரு’

கடல் சில சமயம் உடலைத் தருவதில்லை. கணவன் இறந்தது உறுதியானால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா (காத்திருப்புக் காலம்), பிறகு அவள் வாழ்க்கை அவளுடையது. உறுதியாகாவிட்டால்? மகள் வயதில் உள்ள பெண்ணைப் பார்த்து, அவன் வருவான், பொறுத்திரு, கத்ர் என்று ஊர் சொல்லும். வருடம் எத்தனை என்று யாரும் சொல்வதில்லை.

ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) இதற்குக் கணக்கு உண்டு. காணாமல் போனவரின் மனைவி நான்கு ஆண்டு காத்திருந்து, அதன்பின் இத்தா இருந்து மறுமணம் செய்யலாம் என்று உமர் (ரலி) தீர்ப்பளித்ததை மாலிக்கீ மத்ஹப் எடுத்துக்கொண்டது. ஹனஃபீ வழியின் பழைய நிலை மிகக் கடுமை; கணவனின் வயதொத்தவர்கள் எல்லாம் இறக்கும் வரை காத்திருக்கச் சொன்னது. அந்தக் கடுமையைத் தாங்காமல் மணமுறிவுக்காகவே சில பெண்கள் மதம் மாறத் தொடங்கியபோது, ஹனஃபீ ஆலிமான மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி 1931-இல் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ எழுதி, இந்த விஷயத்தில் மாலிக்கீ தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று வழி திறந்தார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்கு ஆண்டுகளாகக் கணவர் இருக்குமிடம் தெரியவில்லை என்பது அதில் முதல் காரணமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அரசு நிவாரணத்துக்கு அவ்வளவு காலம்கூட வேண்டாம். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு என்ற பொது விதியைச் சுனாமிக்குப் பிறகு அரசு தளர்த்தியது. 2017 ஒக்கி புயலில் திரும்பாத மீனவர்களின் குடும்பங்களுக்கும் அப்படியே நடந்தது.

நீதிமன்றம் போவதா, ஊர் என்ன பேசும் என்று தயங்குகிறவர்களுக்கு அந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கணவர் இருக்குமிடம் தெரியவில்லை என்ற காரணத்தின் மேல் கொடுத்த தீர்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான் செல்லுபடியாகும். அதற்குள் அவர் நேரிலோ அதிகாரம் பெற்ற முகவர் மூலமாகவோ வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்துக்கு நிரூபித்தால் தீர்ப்பு ரத்தாகும். வராவிட்டால் அவள் இத்தா இருக்கலாம், விரும்பினால் நிக்காஹ் செய்யலாம். ஜமாஅத் தலைவரும் ஹஜ்ரத்தும் அவளிடம் முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டிய தகவல் இது.